பொம்மை வைத்துப் பார்த்து எழுதவும்

"ஒரு லோரி வேணும் பாய்" என்றார் அமிர்தலிங்கம்.

"லோரியா? வூடு மாறப் போறியா?" என்று கேட்டார் கமருஸ்ஸமான். ரிங்லெட்டில் அவர் கடையில் கருவாட்டிலிருந்து காலண்டர் வரை எல்லாம் கிடைக்கும். வாங்கினவனுக்கு வாய் இலவசம்.

"வெளையாட்டு லோரி பாய். அந்தா தொங்குதே, பச்சை. அப்புறம் ஒரு பொம்பளப் பொம்மை. சின்னதா, கை கால் மடங்குற மாதிரி."

கமருஸ்ஸமான் நிறுத்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே தராசில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அமிர்தலிங்கத்துக்கு நாற்பத்தேழு வயது. மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற வேலை. பிள்ளை குட்டி கிடையாது. பெண்டாட்டி சாரதா போய்ச் சேர்ந்து வருகிற மாதத்தோடு மூன்று வருஷம். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் விளையாட்டு லோரி என்னத்துக்கு?

"யாரு புள்ளைக்கி?"

"புள்ளைக்கி இல்ல பாய். கதைக்கி."

"கதைக்கி" என்று பாய் பலமாகத் தலையாட்டினார். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. ஆனால் பொட்டலத்தை அழகாகக் கட்டி, மேலே ஒரு சிவப்பு நாடாவும் சுற்றிக் கொடுத்தார்.

அமிர்தலிங்கம் சொன்னது நிஜம். அவருக்குக் கதை எழுதும் வியாதி உண்டு. இருபது வருஷமாகக் கோலாலம்பூர் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு எழுதி அனுப்புவார். அது போன சுருக்கில் திரும்பி வரும். போன மாதம்தான் முதல் தடவையாகக் கதையோடு ஒரு கடுதாசியும் வந்தது. 'அன்பரே, தங்கள் கதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆறாம் பக்கத்தில் லோரியில் ஏறிப் போன பெண், ஏழாம் பக்கத்தில் அடுப்படியில் நின்று ரசம் கொதிக்க வைக்கிறாள். இனிமேலாவது பொம்மை வைத்துப் பார்த்து எழுதவும்.'

ஆசிரியர் கடுப்பில் குத்திக் காட்டியிருக்கிறார். இதைப் பச்சைப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். அமிர்தலிங்கம் கண்டுபிடிக்கவில்லை. எவ்வளவு பெரிய மனுஷன், நமக்காக உட்கார்ந்து யோசனை சொல்லியிருக்கிறாரே என்று அந்தக் கடுதாசியை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அந்த ஏழாம் பக்கம் கவனக்குறைவு இல்லை. பதினொரு தடவை அந்தக் கதையை எழுதிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு லோரி ஏறுகிற இடம் வந்ததும் அவர் கை நின்றுவிடும். மறுநாள் பேனாவை எடுத்தால், அது பாட்டுக்கு அவளை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும்.

அந்தப் பெண் யார் என்று தோட்டத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், மலைக்குக் கீழே தாப்பாவில் இருக்கிற அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போகலாம் வா என்று சாரதா நாலு தடவை கூப்பிட்டாள். இவர் பன்னிரண்டு பக்கக் கதையின் கடைசி வரியில் இருந்தார். "ம்" என்றார். நாலு தடவையும் "ம்" தான். அவளுக்கு வந்ததே கோபம்! மை போத்தலை எடுத்துப் பன்னிரண்டு பக்கத்தின் மேலும் கவிழ்த்துவிட்டாள். இவருக்குக் கண்மண் தெரியவில்லை. "போடி. ஒங்கம்மா வூட்டுக்கே போயிரு. திரும்பி வராத" என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் வந்து பார்த்தால் அவள் இல்லை. காலிப் போத்தலும் இல்லை. சாயங்காலம் சேதி வந்தது: தாப்பா ரோட்டில், பதிமூன்றாம் மைல் வளைவில், காய்கறி லோரி ஒன்று பள்ளத்தில் உருண்டுவிட்டது. லோரி எத்தனை மணிக்கு விழுந்தது, எப்படி விழுந்தது என்றெல்லாம் கேட்கிற நிலையில் அவர் இல்லை. தாப்பா ஆஸ்பத்திரியில் அவளைக் காட்டினார்கள். ஒரு பையையும் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு சேலை, நீல மை ஊறி, கண்ணாடிச் சில்லோடு இருந்தது. செத்தாலும் நீ எழுதக் கூடாது என்றுதான் அந்தப் போத்தலையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவரைத் தின்றுகொண்டிருந்தது.

கதையிலாவது அவளைத் தடுத்து நிறுத்திவிட வேண்டும். மூன்றாம் வருஷத் திதிக்குள் எழுதி முடித்து, அதை அவள் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அதற்குத்தான் லோரி.

ரிங்லெட்டிலிருந்து பஸ் ஏறுவதற்குள் சேதி வேன் பிடித்து மேலே போய்விட்டது. லயத்து வாசலில் மணியம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பக்கத்து வீடு, ஆயக்கொட்டகையில் வேலைக்காரிகளின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ஏன் தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?"

"எதக்கா?"

"சும்மா இருலா. நாடா கட்டி வாங்கிட்டு வாற. பொண்ணு எந்த ஊரு? ரெண்டாந்தாரமா? கூட வர்ற புள்ள ஆணா பொண்ணா?"

எதிர் வீட்டுத் தங்கம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு வந்தாள். "எங்க சின்னம்மா மவ ஒருத்தி மூணு வருசமா கண்ணு முன்னால நிக்கிறா. அவளக் கேக்கணும்னு தோணல. வெளியூர்ல புள்ளையோட புடிச்சிட்டாராம். நல்லாருக்குலா நியாயம்!"

"அய்யோ, இது கதைக்கி!" என்றார் அமிர்தலிங்கம்.

"ஆமா, ஊரே கதையாத்தான் பேசுது" என்றாள் மணியம்மா.

இரண்டு நாளில் பெண்ணுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தங்கையா கங்காணி, பால் காய்ச்சும் தேதி எப்போது என்று கேட்டார். அவர் நல்ல மனுஷன். தலையில் மயிரும் இல்லை, மனசில் கள்ளமும் இல்லை. அவரே கேட்டபிறகு அமிர்தலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவை அகலத் திறந்து, அந்தக் கடுதாசியையும் உரக்கப் படித்துக் காட்டி, "வாங்க, எல்லாரும் வந்து கண்ணால பாத்துக்குங்க" என்றார். அது அவர் செய்த முதல் தப்பு.

சிமெண்டுத் தரை முழுக்க சாக்கட்டியால் ரோடு வரைந்திருந்தார். சுவரில் கரியால் பதிமூன்றாம் மைல் வளைவும் பள்ளமும். தீப்பெட்டிகள் வரிசையாக லயத்து வீடுகள். பிஸ்கட் டின் தொழிற்சாலை. கவிழ்த்த சில்வர் டம்ளர் மாரியம்மன் கோயில். ரோட்டோரத்தில் பச்சை லோரி, அதில் முட்டைக்கோஸ் சுமைக்குப் பதிலாகக் கிள்ளிப் போட்ட கோபிஸ் இலைகள், முகம் தாப்பாவைப் பார்த்து. லோரிக்குப் பக்கத்தில் அந்தப் பொம்மை. அதற்கு அவர் ஆஸ்பத்திரிப் பையிலிருந்த சேலையின் ஒரு மூலையைக் கத்தரித்துச் சுற்றியிருந்தார். நீலக் கறை அப்படியே இருந்தது.

மணியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோளில் ஒரு கை விழும் என்று அமிர்தலிங்கம் நினைத்தார்.

"இந்த எண்ணெய் போத்தலு யாரு?" என்று கேட்டார் தங்கையா.

"நீங்கதான் கங்காணி."

"நானு. மயிர் எண்ணெய் போத்தலு." தங்கையா தன் வழுக்கையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "முப்பது வருசம் இந்தத் தோட்டத்துக்கு ஒழைச்சதுக்கு இது!"

"அப்ப இந்த ஒடுங்குன மைலோ டின்னு யாருலா?" என்றாள் மணியம்மா.

அமிர்தலிங்கம் டின்னை மெல்லப் பின்னால் நகர்த்தினார். அதுவே பதிலாகிவிட்டது.

"நான் எங்கலா ஒடுங்கிப் போயிருக்கேன்? தங்கம்மா மட்டும் துணி மாட்டுற கிளிப்பா, ஒல்லியா!"

"என்னைய ஏன் இழுக்கிறீங்க? இருக்குற மாதிரிதான வச்சிருக்காரு" என்றாள் தங்கம்மா.

சண்டையை அடக்க அமிர்தலிங்கம் ஒரு வழி சொன்னார். "சரி, சரி. அவங்கவங்களுக்குப் புடிச்சத அவங்கவங்களே கொண்டாந்து வைங்க." இது இரண்டாவது தப்பு.

அரை மணியில் லயமே வரிசை கட்டி வந்தது. மணியம்மா குத்துவிளக்கு கொண்டுவந்தாள். அது தொழிற்சாலையைவிட உயரம். தங்கம்மா பீங்கான் மயில். தங்கையா, துரை கையில் பரிசு வாங்குகிற போட்டோவைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்து நடு ரோட்டில் சாய்த்து வைத்தார். இனிமேல் லோரி என்ன, சைக்கிள்கூடப் போக முடியாது. விஷயம் என்னவென்று தெரியாத ஒரு கிழவி, ஏதோ பூசை என்று நினைத்து டம்ளர் கோயிலுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சூடம் கொளுத்திவிட்டாள். முதல் தீப்பெட்டி வீடு பற்றிக்கொண்டது. தங்கையா கையிலிருந்த தேத்தண்ணியை ஊற்றி அணைத்தார். லயத்தில் பாதி அழிந்து போயிற்று.

"ரோட்ட மறைக்காம வைங்கய்யா" என்று கெஞ்சினார் அமிர்தலிங்கம். "அன்னிக்கிக் காலையில யாரு எங்க நின்னீங்களோ, அங்கதான் வைக்கணும்."

"நானா? நான் அவ பக்கத்துலயே நின்னேன்" என்றார் தங்கையா, சட்டென்று. "எங்க ஆத்தா போற, கோவத்த வுடுன்னு சொன்னேன்." போட்டோவை நகர்த்திப் பொம்மைக்கு முன்னால் வைத்தார்.

"நான் கையப் புடிச்சு இழுத்தேன்ல" என்று தங்கம்மா மயிலைப் பொம்மைக்கு இடது பக்கம் வைத்தாள்.

அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தன் லோரிக்குக் குறுக்கே படுத்தேன் என்றான். ஒருத்தி காலில் விழுந்தேன் என்றாள். டப்பாவும் டம்ளரும் கரண்டியும் சேர்ந்து அந்தச் சின்னப் பொம்மையைச் சுற்றிக் கோட்டை கட்டிவிட்டன. லோரிக்குப் போக அவளுக்கு இம்மியளவு வழி இல்லை.

அமிர்தலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. இதுதானே அவர் பதினொரு தடவை தேடிய முடிவு! எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள், போக முடியவில்லை, வீட்டுக்குத் திரும்பினாள், முடிந்தது கதை. அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து மளமளவென்று ஒரு பக்கம் எழுதினார்.

இரண்டாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

"அன்னிக்கி எத்தன மணிக்கிப் பெரட்டு கங்காணி?" என்று கேட்டார், நிமிராமல்.

"வழக்கம்போலத்தான். ஆறு."

"நான் வூட்ட வுட்டுப் போனதே ஏழரைக்கி. அதுக்கப்புறந்தான் அவ கெளம்பியிருக்கா. நீங்க எல்லாரும் மேல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தீங்க." பேனாவை மூடினார். "ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ஒருத்தராச்சும் புடிச்சிருந்தா அவ ஏன்யா போறா? ஏன்யா பொய் சொல்றீங்க?"

தங்கையா தன் போட்டோவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பொய்தான்" என்றார். "நின்னிருக்கக் கூடாதான்னு தோணிச்சு. வாயில வந்துருச்சு."

ஒவ்வொருவராக வந்து தங்கள் பொருளை எடுத்துக்கொண்டார்கள். தரை வெறிச்சென்று ஆனது. மணியம்மா மட்டும் குத்துவிளக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மூலையில் கிடந்த ஒடுங்கின மைலோ டின்னைத் தேடி எடுத்தாள்.

"என்னைய ஆயக்கொட்டகை ஜன்னலுக்குள்ள வையி தம்பி. நான் பாத்தேன்."

அமிர்தலிங்கம் நிமிர்ந்தார்.

"பையோட போனா. கடைக்குப் போறான்னு நெனச்சேன். கையில புள்ள, அடுப்புல பாலு. ஏன்டி எங்க போறேன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா நின்னிருப்பா. குடுக்கல." டின்னின் ஒடுக்கை விரலால் தடவினாள். "மூணு வருசமா ஒன் மூஞ்சியப் பாத்துப் பேச முடியாமத்தான் பொண்ணு பாக்குறேன், புள்ள பாக்குறேன்னு ஒளறிக்கிட்டு இருக்கேன்."

"அக்கா, போன்னு சொன்னவன் நானு. ஒங்க மேல என்ன இருக்கு" என்றார் அமிர்தலிங்கம். டின்னை வாங்கி அவள் சொன்ன இடத்தில் வைத்தார். இரண்டு பேரும் தரையைப் பார்த்து அழுதார்கள்.

தங்கையாவுக்குக் கண்ணீரைக் கண்டால் ஆகாது. உடனே எதையாவது செய்தாக வேண்டும். "தோட்டத்துச் சங்கதிதான் நமக்குத் தெரியும். அதுக்கப்புறம் ரோட்டுல நடந்தது? அத லோரி ஓட்டுனவன்தான் சொல்லணும். பழனியப்பன் இப்ப கம்போங் ராஜாவுல ஒரு தோட்டத்துல காய் கட்டுறானாம். நான் போய்க் கூட்டியாறேன்."

"வேணாம் கங்காணி!" அமிர்தலிங்கம் பதறிவிட்டார். "வழி நெடுக என்னைத் திட்டிக்கிட்டே போயிருப்பா. அழுதிருப்பா. அத வேற நான் காதால கேக்கணுமா?"

"கேக்காமத்தான் மூணு வருசமா அடுப்படியில ரசம் வைக்கிறா" என்றார் தங்கையா.

கங்காணி எப்படிக் கூப்பிட்டாரோ தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழனியப்பன் வந்தபோது உதை வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். சட்டைப் பையிலிருந்த பேனா, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றிக் கங்காணி கையில் கொடுத்திருந்தான். வாசல் முழுக்கச் சனம். அவன் நிலைப்படியிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டான்.

"அடிக்கிறதுன்னா அடிச்சிருங்கண்ணே. அஞ்சு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அதுக்கப்புறம் ஒங்க மொகத்துல முழிக்கத் தைரியம் வரல."

"அடிக்க இல்ல தம்பி. உள்ள வா" என்றார் அமிர்தலிங்கம். "கதைக்கி."

பழனியப்பன் ஒரு கண்ணைத் திறந்தான். தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மைலோ டின்னைப் பார்த்தான். கங்காணி தன்னை ஒரு பைத்தியக்கார வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார் என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மணியம்மா கொடுத்த தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தான்.

"என்னா பண்ணணும்ணே?"

"நான் அந்த எடத்தப் பாக்கல. மனசுல தோணுனபடி வச்சிருக்கேன். அவ கடைசியா எப்பிடி இருந்தாளோ, அப்பிடியே எழுதிரலாம்னு இருக்கேன். இனிமே அவள நிறுத்துறதுக்கு எனக்குத் தெம்பில்ல." அமிர்தலிங்கம் பொம்மையை எடுத்து லோரியின் முன்பக்கத்தில் உட்கார வைத்தார். "எது தப்போ, திருத்திக் குடு."

பழனியப்பன் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான்.

"லோரி பச்சை இல்லண்ணே. நீலம்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "இவனும் வந்துட்டான்லா, கலர் பாக்க" என்றாள் தங்கம்மா.

"வளைவு இன்னும் ஒடிஞ்சு வரும்." சாக்கட்டியை வாங்கிக் கோட்டை அழித்து வரைந்தான். அப்புறம் லோரியிலிருந்த கோபிஸ் இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டான். "கோபிஸ் கெடையாது. வெறுங்கூடைதான் இருந்துச்சு."

"காய் லோரியில காய் இல்லாம கல்லா இருக்கும்?" என்று தங்கையா அதட்டினார்.

பழனியப்பன் காதில் அது விழவில்லை. அவன் பொம்மையைக் கையில் எடுத்திருந்தான். சேலையின் நீலக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஒடைஞ்சிருச்சா அது" என்றான் மெதுவாக.

"திட்டினாளா தம்பி?" என்று கேட்டார் அமிர்தலிங்கம். "போறப்ப என்னையத் திட்டினாளா?"

பழனியப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. பொம்மையைத் திரும்ப முன்பக்கத்தில் உட்கார வைத்தான். பச்சை லோரியை இரண்டு கையாலும் தூக்கி, அதன் முகத்தைத் தாப்பாவிலிருந்து திருப்பி, தீப்பெட்டி லயத்தைப் பார்க்க வைத்தான்.

"லோரி எறங்கலண்ணே, ஏறிக்கிட்டு இருந்துச்சு, அக்கா தாப்பாவுல காலிப் போத்தலக் காட்டி ஒங்களுக்குப் புது மை போத்தல் வாங்கிப் பையில போட்டு மடியில வச்சிக்கிட்டு, வூட்டுக்குத்தான வந்துக்கிட்டு இருந்துச்சு!"